மேலூர் தாக்கல் செய்யும் அறிக்கை

2024 நவம்பர் 7 அன்று இந்திய அரசு ஒரே நாளில் இரண்டு கடை விரித்தது. மும்பையில், இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனியில் தன் வசமிருந்த பங்குகளில் கொஞ்சத்தைச் சில்லறை முதலீட்டாளர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அடிப்படை விலை பங்குக்கு 505 ரூபாய். சந்தை விலையில் ஏறக்குறைய பத்து சதவீதத் தள்ளுபடி. தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. டெல்லியில், அதே அரசின் சுரங்க அமைச்சகம் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் 2,015 ஹெக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை ஏலத்தில் எடுத்திருப்பவர் இன்னார் என்று அறிவித்தது. இன்னார் வேறு யாருமல்ல, அதே இந்துஸ்தான் ஜிங்க்.

பங்கு விற்றவர் யார்? அரசு. ஏலம் விட்டவர் யார்? அரசு. ஏலம் எடுத்த கம்பெனியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருப்பவர் யார்? அரசு. நாளைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்போகிறவர்? அரசு. இதிலெல்லாம் கோல்மால் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் செபிக்குத் தலைவரை நியமிப்பவர்? அதுவும் அரசு. ஒரே நாடகத்தில் ராஜா, மந்திரி, காவலாளி, கட்டியங்காரன் எல்லாம் ஒருவரே. அந்த நாடகத்தில் அரசு வேடம் கட்டாத பாத்திரம் ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தொகுதிக்குள் நிற்கும் அரிட்டாபட்டி மலை.

ஆனால் இதையெல்லாம் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். எழுத்துபூர்வமாக, சட்டபூர்வமாக, காலாண்டுக்கு ஒருமுறை. அவர்கள் வேலைக்கு ஸ்டூவர்ட்ஷிப் என்று பெயர். வெளியூரில் குடியிருக்கும் நிலக்காரருக்கு உள்ளூரில் ஒரு காரியஸ்தர் இருப்பார் அல்லவா, வரப்பு யார் வெட்டினார், வாய்க்கால் யார் அடைத்தார் என்று பார்த்து எழுதிப் போடுபவர், அந்த வேலை. கீழமாசி வீதியில் கடை வைத்திருப்பவர் மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஐயாயிரம் எஸ்ஐபி போடுகிறார். ஒத்தக்கடை ஆசிரியை போடுகிறார். நாடு முழுக்க இப்படிச் சேரும் தொகை 2024 அக்டோபரில் முதன்முறையாக மாதத்துக்கு 25,000 கோடியைத் தாண்டியது. அந்தப் பணத்தில் கம்பெனிகளின் பங்குகளை வாங்கும் ஃபண்டு மேலாளர், பணம் போட்டவர் சார்பில் அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். தப்பு நடந்தால் தட்டிக் கேட்க வேண்டும். ஓட்டெடுப்பு வந்தால் ஓட்டுப் போட வேண்டும். 2017இல் இன்சூரன்ஸ் ஆணையம் தன் கம்பெனிகளுக்கு இப்படி ஒரு விதி போட்டது. அடுத்த ஆண்டு பென்ஷன் ஆணையம் போட்டது. 2019 டிசம்பர் 24 அன்று செபி மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு ஆறு கட்டளைகள் கொண்ட சுற்றறிக்கை அனுப்பியது. பிறகு, அதுவரை ஓட்டுப் போடாமல் வீட்டிலேயே படுத்துக்கொண்டவர்களை எழுப்பி, 2022 ஏப்ரலிலிருந்து எல்லாத் தீர்மானத்துக்கும் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும் என்றது.

போடுகிறார்கள். யாரும் குறை சொல்ல முடியாது. ஃபண்டு கம்பெனியின் இணையதளத்தில், தேடினால் கிடைக்கும் இடத்தில் இல்லாமல், தேடிக்கொண்டே இருந்தால் கிடைக்கும் இடத்தில் ஒரு எக்செல் கோப்பு இருக்கும். ஆயிரக்கணக்கான வரிசைகள். தீர்மானம், ஆதரவு, காரணம். காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டது, கவலைப்பட ஒன்றுமில்லை என்கிற தினுசில் ஒரு வாக்கியம், கீழே இழுத்து நிரப்பியதுபோல வரிசை வரிசையாக இறங்கும். அந்தக் காலத்துக் காரியஸ்தர்கூட வருஷத்துக்கு ஒரு தடவையாவது வயலைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கில் பொய் எழுதுவார்.

அந்த 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க்கைப் பற்றிக் கேட்டிருந்தால் ஃபண்டு மேலாளர்களிடம் ஒரு நல்ல பதில் தயாராக இருந்திருக்கும்: எங்கள் பங்கு என்ன பெரிய பங்கு? தாய்க் கம்பெனியான வேதாந்தா கையில் 63 சதவீதம், மத்திய அரசு கையில் 28 சதவீதம். மிச்சமுள்ள பத்துக்கும் குறைவானதை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கே பேசுவது? நியாயம்தான். அப்படியென்றால் உண்மையான காரியஸ்தர் மத்திய அரசு. பெரும்பங்குக்காரருக்கு அடுத்த இடத்தில், நம் எல்லோர் பெயராலும் உட்கார்ந்திருப்பவர். அவரை எந்த ஸ்டூவர்ட்ஷிப் விதியும் கட்டுப்படுத்தாது என்பது வேறு கதை.

அவருக்குத் தட்டிக் கேட்கத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 2023 ஜனவரியில், வேதாந்தாவுக்குச் சொந்தமான வெளிநாட்டுத் துத்தநாகச் சுரங்கங்களை ஏறக்குறைய 300 கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ள இந்துஸ்தான் ஜிங்க் முடிவெடுத்தது. அதாவது மகன் கடையின் கல்லாவிலிருந்து அப்பன் வீட்டுக்குப் பணம். இந்திய அரசு என்ன செய்தது தெரியுமா? துள்ளி எழுந்தது. ரொக்கம் கொடுத்து வாங்காதே, வேறு வழி பார், மீறினால் சட்டப்படி பார்த்துக்கொள்கிறோம் என்று கடிதம் எழுதியது. கொள்முதல் அப்படியே அமுங்கிப் போனது. 2024இல் கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் யோசனை வந்தது. அதற்கும் சுரங்க அமைச்சகம் தலையசைக்கவில்லை. சிறுபங்குக்காரர் எப்படி விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் போடலாம். நான் கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தக் கடிதம் எழுதிய அதிகாரிகளுக்கு உண்மையிலேயே ஒரு கும்பிடு.

காரணமும் சின்னதல்ல. 2022–23 ஒரே நிதியாண்டில் இந்தக் கம்பெனி பங்குக்கு 75 ரூபாய் 50 காசு டிவிடெண்ட் கொடுத்தது; மொத்தம் ஏறக்குறைய 32,000 கோடி. அரசின் பங்கு 9,000 கோடிக்கு மேல். கல்லாவில் கை வைத்தால் காரியஸ்தருக்குக் கண் தெரிகிறது, காது கேட்கிறது, பேனா எழுதுகிறது. மலையில் கை வைத்தபோது அதே அமைச்சகம் கண், காது, பேனா மூன்றையும் கம்பெனியிடமே கொடுத்துவிட்டு ஏலச் சுத்தியலை எடுத்துக்கொண்டது.

அந்த மலை எப்படிப்பட்டது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக. அரிட்டாபட்டியில் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது, உள்ளே லகுலீசர் சிற்பத்தோடு. பக்கத்துப் பாறையில் சமணர் படுக்கைகள், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்துகள், தீர்த்தங்கரர் உருவம். ஏழு குன்றுகள், அவற்றிலிருந்து கசியும் சுனைகள், அந்தச் சுனைகளை நம்பிய கண்மாய்கள். லகர் வல்லூறும் தேவாங்கும் அலங்கும் வாழும் இடம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக இதை மாநில அரசு அறிவித்தது. மலையைச் சுற்றி முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை 1895 முதல் குடித்து வளர்ந்த ஒருபோக நெல் வயல்கள்.

ஏல வரைபடத்தில் இவை எதுவும் தெரியாது. வரைபடத்தில் டங்ஸ்டன் மட்டும் தெரியும். எதிர்ப்பு கிளம்பியபின் டெல்லி 2024 டிசம்பர் 24 அன்று பெருந்தன்மையோடு ஒரு விளக்கம் தந்தது: பல்லுயிர்த் தலம் 193 ஹெக்டேர்தான், தொகுதியில் பத்தில் ஒரு பங்குதான், அதை விட்டுவிட்டு எல்லையைத் திருத்த முடியுமா என்று புவியியல் துறையைப் பார்க்கச் சொல்கிறோம். வல்லூறுக்கு எல்லைக் கல் நட்டுக் கொடுத்துவிட்டால் போதும், அது 193 ஹெக்டேருக்குள்ளேயே பறந்துகொள்ளும். சுனையும் வரைபடத்தைப் பார்த்து ஊறும். கம்பெனிக்குக் கிடைத்தது உடனடிச் சுரங்க உரிமம் அல்ல, முதலில் தேடிப் பார்த்து அப்புறம் தோண்டும் கூட்டு உரிமத்துக்கான தகுதிதான் என்று ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. உண்மைதான். கத்தியை இப்போதைக்குச் சாணைதான் பிடிக்கிறார்கள், வெட்டப் போகிறோம் என்று யார் சொன்னது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஸ்&பி குளோபல் என்ற உலகப் புகழ் ரேட்டிங் நிறுவனம் 2023இலும் 2024இலும் உலோக, சுரங்கத் துறையில் நிலைத்த வளர்ச்சிக்கான பட்டியலில் இந்துஸ்தான் ஜிங்க்குக்கு முதலிடம் கொடுத்தது. உலகத்திலேயே முதல். ஆகவே அரிட்டாபட்டியைத் தோண்டியிருந்தாலும் உலகத்தரத்தில்தான் தோண்டியிருப்பார்கள். தமிழி எழுத்து சுக்குநூறாகும்போது வெளியாகும் தூசிக்கும் கார்பன் கணக்கு இருந்திருக்கும்.

செபி வகுத்த ஆறு கட்டளைகளையும் ஏல அறிவிப்புக்குப் பின் ஒன்று விடாமல் நிறைவேற்றியவர்கள் மேலூர் வட்டத்துக்காரர்கள்தான். அவர்களிடம் டீமேட் கணக்கு இருந்ததா, இந்துஸ்தான் ஜிங்க்கில் பங்கு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அறிக்கை எழுத ஆள் இல்லாததால், படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன். கட்டங்கள் செபியுடையவை, விவரம் ஊருடையது.

முதல் கட்டளை, கொள்கை ஒன்று வகுத்து வெளியிட வேண்டும். வகுத்தார்கள். கொள்கையின் முழு வாசகம்: மலையைத் தொடாதே. ஆலோசனை நிறுவனத்துக்குக் கட்டணம் எதுவும் தரப்படவில்லை. இணையதளத்தில் ஏற்றவில்லை; 2024 நவம்பர் 23 கிராம சபைக் கூட்டங்களின் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தோடும் கைநாட்டோடும் இருக்கிறது.

இரண்டாவது, நல முரண்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களுக்கு நல முரண் உண்டு. நாங்கள் குடிக்கிற தண்ணீர் அந்த மலையடிவாரத்தில்தான் ஊறுகிறது. ஆகவே நடுநிலையாக யோசிக்க முடியவில்லை. மற்றவர்கள் நிரப்ப மறந்த பகுதியையும் நாங்களே நிரப்புகிறோம். 2023 ஆகஸ்டில் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து டெல்லி எடுத்துக்கொண்டது. மாநிலங்களவையில் அந்த மசோதாவுக்கு ஆதரவாகப் பேசியது அதிமுக. பின்னாளில் மேலூருக்கு வந்து கண்கலங்கியதும் அதிமுகதான். திமுக அரசு அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஆட்சேபித்துக் கடிதம் போட்டதாகச் சொல்கிறது; 2024 பிப்ரவரி முதல் நவம்பர் வரை ஏலம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு முணுமுணுப்பும் வரவில்லை என்று டெல்லி சொல்கிறது. இரண்டு பேரும் உண்மை சொல்கிறார்கள் என்பதுதான் இதில் பயங்கரம். பங்கு விற்பனை நடந்த அந்த நவம்பரில் அரசின் பங்கு விற்பனைத் துறைச் செயலாளராக இருந்த துஹின் காந்த பாண்டே 2025 மார்ச்சில் செபி தலைவரானார். விதிப்படி எல்லாம் சரி. விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, கம்பெனிகளைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். இதில் எங்களுக்கு அனுபவம் அதிகம். இந்த வட்டாரத்துக் குன்றுகளைக் கிரானைட் பலகையாக அறுத்து ஏற்றுமதி செய்தபோது, பக்கத்து மலை இருந்த இடத்தில் குளம் வந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். 2012இல் மதுரை கலெக்டராக இருந்த உ. சகாயம், அரசுக்கு 16,000 கோடிக்கு மேல் இழப்பு என்று கணக்கெடுத்து அறிக்கை அனுப்பினார். அனுப்பிய சூட்டிலேயே இடமாற்றம் வந்தது. பிறகு உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக அனுப்பியபோது, 2015 செப்டம்பரில், நரபலிப் புகாருக்காக மலம்பட்டிப் பக்கம் தோண்ட வேண்டிய இடத்தில் தடயம் கலைந்துவிடக் கூடாது என்று ராத்திரி முழுக்கச் சுடுகாட்டிலேயே படுத்துக் காவல் காத்தார். ஸ்டூவர்ட்ஷிப் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் தப்பாக நினைத்துவிட்டோம். எக்செல்லில் நிரப்பினால் போதும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நான்காவது, தேவைப்பட்டால் தலையிட வேண்டும். மற்ற முதலீட்டாளர்களோடு சேர்ந்து செயல்படலாம். செயல்பட்டோம். முல்லைப் பெரியாறு ஒருபோகப் பாசன விவசாயிகள் கூப்பிட்டார்கள், மேலூரில் வியாபாரிகள் ஷட்டரை இறக்கினார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை, ஏறத்தாழ 15 கிலோமீட்டர், ஆணும் பெண்ணும் வயசாளியும் பிள்ளைகளுமாக ஆயிரக்கணக்கில் நடந்தோம். வழியில் போலீஸ் தடுப்பு வைத்தது. தடுப்பைத் தாண்டினோம். முதலீட்டாளர் சந்திப்பு என்ற தலைப்பில் இதைப் பதிவு செய்துகொள்ளவும். குளிரூட்டிய அறை இல்லை, முந்திரிப் பருப்பு இல்லை, மோர் இருந்தது.

ஐந்தாவது, ஓட்டு. 2024 டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஊரெல்லாம் நடக்கத் தொடங்கியபின் சட்டமன்றமும் எழுந்து நின்றது.

ஆறாவது, நடவடிக்கைகளை அவ்வப்போது எழுத்தில் அறிக்கையாகத் தர வேண்டும். எங்களுடையதை எழுதும் பொறுப்பை மதுரை போலீஸ் ஏற்றுக்கொண்டது. அதற்கு எஃப்ஐஆர் என்று பெயர். எண்ணிக்கையில் எங்களுக்கு நிகராக எந்த ஃபண்டு கம்பெனியும் அறிக்கை தந்திருக்க முடியாது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது வழக்கு.

2025 ஜனவரி 23 அன்று டெல்லி ஏலத்தை ரத்து செய்தது. உடனே வெற்றி யாருடையது என்று ஒரு புதிய ஏலம் தொடங்கியது. அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் ஊர்க்காரர்களை டெல்லிக்குக் கூட்டிப்போய் அமைச்சரோடு படம் எடுத்துக்கொண்டு வந்தார். முதல்வர் 26ஆம் தேதி அரிட்டாபட்டிக்கே வந்து பாராட்டு வாங்கிக்கொண்டார். வருவதற்கு முந்தின நாள்வாக்கில் வழக்குகள் வாபஸாயின. குற்றவாளிகள் கையால் மாலை போட்டுக்கொள்வது மரியாதையாக இருக்காது அல்லவா.

படிவம் முடிந்தது.

இப்போது நிதிச்சந்தை விதிகளை எந்தத் திசையில் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம். மேலூர் மாதிரி இன்னும் பல ஊர் கேள்வி கேட்கட்டும் என்றா? லண்டனிலிருந்து தொடங்கலாம், அங்கிருந்துதான் இந்த விதியே இறக்குமதி. 2008 நிதி நெருக்கடியில் வங்கிகள் கவிழ்ந்தபோது முதலீட்டாளர்கள் தூங்கிவிட்டார்கள் என்று வெட்கப்பட்டு, 2010இல் பிரிட்டன் முதல் ஸ்டூவர்ட்ஷிப் விதியை எழுதியது. 2020இல் அதைக் கடுமையாக்கி, முதலீட்டின் பயன் பொருளாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் போய்ச்சேர வேண்டும் என்று வரையறையிலேயே சேர்த்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதியில் அந்த மூன்றும் வரையறையிலிருந்து போய்விட்டன. அறிக்கையின் அளவு 20 முதல் 30 சதவீதம் குறையும் என்று பெருமையாகவே அறிவித்தார்கள். சுமை குறைகிறதாம்.

நம் ஊருக்கும் லண்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. இந்துஸ்தான் ஜிங்க்குக்கு மேலே வேதாந்தா லிமிடெட், அதற்கும் மேலே வேதாந்தா ரிசோர்சஸ். அது லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிட்டிருந்த கம்பெனி. அந்தக் காலத்தில் அங்கே கொஞ்சம் கேள்வி இருந்தது. 2007இல் நார்வே அரசின் ஓய்வூதிய நிதி சுற்றுச்சூழல், மனித உரிமைக் காரணங்களைச் சொல்லி வேதாந்தாவை விலக்கி வைத்தது. ஒடிசாவின் நியம்கிரி மலைச் சுரங்க விவகாரத்தில் 2010இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் பங்குகளை விற்று வெளியேறியது. ஒரு மலைக்காக ஒரு சர்ச் பங்கை விற்றது என்பதை இன்று எழுதும்போதே புராணம் மாதிரி இருக்கிறது. 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில், வேதாந்தாவின் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகக் கூடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வேதாந்தா ரிசோர்சஸ் லண்டன் பட்டியலிலிருந்து விலகித் தனியார் கம்பெனியாகிவிட்டது. பட்டியலும் போயிற்று, பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேட்கும் வாசலும் போயிற்று.

இங்கே செபி, முதல் ஆயிரம் கம்பெனிகள் தங்கள் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பைப் பற்றி ஆண்டுதோறும் விரிவான அறிக்கை தர வேண்டும் என்று 2022–23 முதல் கட்டாயமாக்கியது. நல்ல ஏற்பாடு, படிவத்தைப் படித்தால் கண்ணில் நீர் வரும். ஆனால் 2024 டிசம்பரில், மேலூர் கொதித்துக்கொண்டிருந்த அதே மாதத்தில், செபி வாரியம் கூடி அதையும் தளர்த்தியது. அறிக்கையின் முக்கியப் பகுதிக்கு வெளியாள் ஒருவர் பார்த்து உறுதிச் சான்று தர வேண்டும் என்று இருந்தது. மதிப்பீடு என்றாலும் போதும் என்றானது. சரக்கு கொடுப்பவர், வாங்குபவர் செய்யும் அட்டூழியத்தையும் சொல்ல வேண்டும் என்று இருந்தது. விருப்பமிருந்தால் சொல்லலாம் என்றானது. தொழில் நடத்துவது சுலபமாக வேண்டுமாம்.

காகிதச் சுமையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் ஒருநாள் மதுரைப் பொருளாதாரக் குற்றப் பிரிவு அலுவலகப் பக்கம் வந்து போக வேண்டும். நியோமேக்ஸ் முதலீட்டு மோசடி வழக்கில் 2023 முதல் பணம் போட்டவர்கள் ரசீது, பத்திரம், பேங்க் பாஸ்புக், ஆதார், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் என்று மஞ்சப்பையோடு அலைகிறார்கள். பிஏசிஎல் என்று ஒரு முதலீட்டுக் கம்பெனி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? 49,100 கோடியைத் திருப்பிக் கொடு என்று 2014 ஆகஸ்டில் செபி உத்தரவிட்டது. பணத்தைக் கட்டிய கிராமத்துக்காரர் ரசீதை ஸ்கேன் செய்து, இணையத்தில் ஏற்றி, இனிஷியல் மாறியிருந்தால் திருத்தி, மறுபடி ஏற்றிக் காத்திருக்க வேண்டியிருந்தது. பேரில் ஒரு எழுத்து பிசகினால் அவருக்குக் குறைபாடு. ஆயிரம் கோடிக் கம்பெனிக்கு உறுதிச் சான்று கேட்டால் அது சுமை.

2025 டிசம்பர் 18 அன்று, மதுரையில் பிறந்த நிதியமைச்சரின் பதவிக்காலத்தில், பங்குச் சந்தைச் சட்டங்கள் மூன்றையும் ஒன்றாக்கும் புதிய தொகுப்புச் சட்ட மசோதா மக்களவைக்கு வந்தது. அதன் சிறப்பம்சங்களில் ஒன்று, சிறிய, நடைமுறை சார்ந்த, தொழில்நுட்ப மீறல்கள் இனிக் குற்றமாகாது. அபராதம் கட்டினால் போதும். படிவம் தாமதமானதற்காக ஒருவரை ஜெயிலில் போடுவது அநாகரிகம் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன், அநாகரிகம்தான். அப்படியே ஒரு சந்தேகம்: அனுமதிச் சீட்டு இல்லாமல் ரோட்டில் நடந்து போவதும் நடைமுறை சார்ந்த மீறல்தானே? அதற்குப் பதினோராயிரம் பேர் மேல் கிரிமினல் வழக்கு போட்டபோது இந்த நாகரிகம் எந்த ஏசி அறையில் இருந்தது? கம்பெனி செயலாளருக்கு ஒரு சட்டம், கம்பு ஊன்றி நடந்த கிழவிக்கு ஒரு சட்டம். முதலாமவருக்கு விதிவிலக்கு, இரண்டாமவருக்கு முதல்வர் மனசு வைத்தால் வாபஸ்.

இவையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஒரு குறிப்பாணை இருக்கிறது. அது சட்டமல்ல, மசோதா அல்ல, அவையில் பேசப்பட்டதல்ல. அலுவலகத்துக்குள் சுற்றும் ஒரு காகிதம். அணுக் கனிமம், முக்கியக் கனிமம், கேந்திரக் கனிமம் ஆகியவற்றைத் தோண்டும் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்புத் தேவையில்லை என்கிறது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கனிமம் நாட்டுக்கு அவசரமாம். மாநில அரசு எதிர்ப்புக் கடிதம் எழுதியது. கடிதம் எழுதுவதில் நம் மாநிலத்தை யாரும் மிஞ்ச முடியாது.

நரசிங்கம்பட்டியில் கிளம்பியவர்கள் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதை டெல்லி நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது. ஊரைக் கேட்டால் ஊர் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது; ஆகவே கேட்கும் பழக்கத்தை நிறுத்திவிட வேண்டும்.

இனி கணக்கு நேராகிவிடும். செபி கேட்கும் அந்த ஆண்டறிக்கையின் முதல் பகுதியிலேயே ஒரு அட்டவணை உண்டு: சுற்றுவட்டார மக்களிடமிருந்து இந்த ஆண்டு வந்த புகார்கள் எத்தனை, நிலுவையில் எத்தனை. கூட்டமே நடத்தாவிட்டால் கூட்டத்தில் எழுந்த ஆட்சேபம் என்று ஒன்று இருக்காது. தபாலாபீஸ் வாசலில் போட்ட கோஷத்துக்கு அந்த அட்டவணையில் கட்டம் இல்லை. அது போலீஸ் கணக்கு. எனவே கட்டத்தில் பூஜ்யம் விழும். அறிக்கையைச் சரிபார்ப்பவர் மதிப்பீடு செய்து பூஜ்யம் சரிதான் என்பார். ரேட்டிங் கம்பெனி பூஜ்யத்துக்கு முழு மதிப்பெண் போடும். மதிப்பெண்ணைப் பார்த்து ஃபண்டு பங்கு வாங்கும். ஓட்டெடுப்பு வந்தால் ஆதரவு என்று நிரப்பி, காரணம் என்ற கட்டத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதும். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி கீழமாசி வீதிக்காரரின் போனுக்கு, எஸ்ஐபி தவணை ஐயாயிரம் ரூபாய் எடுக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வரும்.